ஊழியம்: ஒரு சொல்லின் இரண்டு வாழ்க்கைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவத் தாயிடம், "மகன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால், "ஊழியம் செய்கிறான்" என்று பெருமையோடு பதில் வரலாம். பிரசங்கம் செய்வது, நோயாளிகளின் படுக்கையருகே ஜெபிப்பது, சிறுவர்களுக்கு ஞாயிறு பள்ளி நடத்துவது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் அதே சொல் காதில் விழுந்திருந்தால், அந்தத் தாயின் முன்னோர் நடுங்கியிருப்பார்கள். அன்று அந்த ஊரை ஆண்ட திருவிதாங்கூர் அரசின் வழக்கில் ஊழியம் என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. மறுத்தால் அடி விழும்.

அடிமைத்தனத்தின் பெயராக இருந்த ஒரு சொல், மனமுவந்து ஆற்றும் தொண்டின் பெயராகவும் ஒரே மண்ணில் வாழ்ந்திருக்கிறது. இந்த இரண்டு பொருள்களுக்கும் நடுவே ஒரு நீண்ட போராட்டம் கிடக்கிறது. கிறிஸ்தவ விசுவாசம் சமூக அநீதியை எதிர்க்க மனிதருக்கு எப்போது வலிமை தருகிறது, எப்போது தராமல் நின்றுவிடுகிறது என்பதை அறிய, தென் திருவிதாங்கூரின் 19ஆம் நூற்றாண்டைவிடத் தெளிவான பாடம் நமக்கு அருகில் இல்லை.

அளந்து வைத்த தூரம்

அகஸ்தீஸ்வரம், தோவாளை, இரணியல், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் தாலுகாக்களில் பெருந்தொகையாக வாழ்ந்தவர்கள் பனையேறிப் பிழைத்த நாடார்கள். அவர்களுக்கும் கீழே பறையர், புலையர், குறவர் போன்ற சமூகங்கள் வைக்கப்பட்டிருந்தன. யார் யாரிடமிருந்து எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்பதுகூட வரையறுக்கப்பட்டிருந்தது. நாடார் ஒருவர் நம்பூதிரியிடமிருந்து 36 தப்படி தள்ளி நிற்க வேண்டும். புலையருக்கு அந்தத் தூரம் 96 தப்படி. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன் நகை போடக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது, பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. மேல்சாதியார் முன் மார்பு திறந்து நிற்பதே மரியாதை என்று அந்த நாட்டின் வழக்கம் சொன்னது.

உழைப்பும் அவர்களுடையதாக இல்லை. தலைவரி கட்டிய பிறகும் அரசுக்கு ஊழியம் செய்ய வேண்டும். சுமை தூக்குவது, யானைகளுக்குப் பனையோலை வெட்டிக் கொடுப்பது, கோயில்களுக்கும் பிராமணருக்கு இலவச உணவளித்த ஊட்டுப்புரைகளுக்கும் பொருள் கொண்டு சேர்ப்பது என அழைத்த நேரத்தில் அழைத்த வேலைக்குப் போக வேண்டும். இதற்கும் கீழே முழு அடிமைகள் இருந்தார்கள். 1836ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு, ஏறத்தாழ 12,80,000 மக்கள் வாழ்ந்த நாட்டில் சுமார் 1,65,000 பேரை அடிமைகள் என்று குறிக்கிறது. எட்டு பேரில் ஒருவர் விற்கவும் அடகு வைக்கவும் கூடிய பொருள். அந்த அடிமைகளில் ஒரு பகுதியினருக்கு அரசே உரிமையாளர்.

மயிலாடியிலிருந்து போனவர்

இந்த வரலாற்றை வெள்ளைக்காரப் பாதிரியாரின் கப்பலிலிருந்து தொடங்குவது வழக்கம். உண்மையில் அது மயிலாடியில் தொடங்குகிறது. பறையர் எனப்பட்ட சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் என்பவர் மெய்ப்பொருளைத் தேடிச் சிதம்பரம் வரை யாத்திரை போனார். அங்கே மனம் நிறையவில்லை. தஞ்சாவூரில் கிறிஸ்தவர்களைச் சந்தித்து, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். தம் மக்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று தாமே கேட்டு நின்றார். லண்டன் மிஷனைச் சேர்ந்த பிரஷ்ய நாட்டவர் ரிங்கல்தௌபே 1806இல் தென் திருவிதாங்கூருக்குள் நுழைந்தது அந்த அழைப்பின் பேரில்தான். மயிலாடியில் முதல் ஆலயம் எழுந்தது. தமக்குக் கிடைத்த சம்பளத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கந்தல் உடையோடு திரிந்த ரிங்கல்தௌபே, 1816இல் உடல் நலிந்து இந்த மண்ணைவிட்டுப் போனபோது சபையை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்தார்.

ரிங்கல்தௌபேக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. திரள்திரளாக வருகிறவர்கள் ஆண்டவரைத் தேடி வருகிறார்களா, தலைவரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பிக்க வருகிறார்களா? அவருக்குப் பின் மதமாற்றத்தைப் பற்றி எழுதிய பலரும் இதே கேள்வியை வேறு வேறு குரலில் கேட்டிருக்கிறார்கள். நெதர்லாந்து ஆய்வாளர் டிக் கூய்மன், தென் திருவிதாங்கூர் லண்டன் மிஷன் பற்றிய தம் நூலில் இதை விரிவாகவே ஆராய்கிறார்.

அந்தக் கேள்வியின் அடித்தளத்திலேயே பிழை இருக்கிறது என்பது என் கருத்து. முதுகில் சுமை இல்லாதவரால்தான் ஆன்மாவையும் முதுகையும் தனித்தனியே எண்ணிப் பார்க்க முடியும். 'கடவுள் உன்னையும் தம் சாயலில் படைத்தார்' என்ற செய்தி, 96 தப்படி தள்ளி நிறுத்தப்பட்டவரின் காதில் விழும்போது, அது ஆன்மிகச் செய்தியாகவும் அரசியல் செய்தியாகவும் ஒரே மூச்சில்தான் விழுகிறது. கேட்டவர் இரண்டையும் பிரிக்கவில்லை. பிரிக்கச் சொன்னவர்கள், பிரித்துப் பார்க்க வசதி பெற்றிருந்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்ற உரிமை

முதல் மோதல் ஒரு கிழமையைப் பற்றியது. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடெண்டாகவும், 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் காலத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இது சிறிய சலுகை. உள்ளே இருந்தவருக்கோ, வாழ்க்கையில் முதல் முறையாக, அதிகாரி கூப்பிட்டாலும் போக வேண்டாத ஒரு நாள் வந்திருந்தது. வாரத்தில் ஒரு நாள் என் உடல் அரசனுக்கு உரியதில்லை என்று ஒருவர் உணர்ந்துவிட்டால், மற்ற ஆறு நாட்களைப் பற்றியும் அவர் யோசிக்கத் தொடங்குவார். உள்ளூர் அதிகாரிகளுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. ஞாயிறு அன்று ஊழியத்துக்கு இழுப்பதும், மறுத்தவரை வதைப்பதும், அதைப் பற்றி மிஷனரிகள் முறையிடுவதும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன.

இதே காலத்தில் உலகின் மறுபுறத்தில், இதே லண்டன் மிஷன் வேலை செய்த இன்னோர் இடத்திலும் ஞாயிற்றுக்கிழமை போர்க்களமானது. இன்றைய கயானாவில் உள்ள டெமராராவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஜான் ஸ்மித் 1817இல் போதகராகப் போனார். அடிமைகள் எஜமானர் மேல் அதிருப்தி கொள்ளும்படி எதுவும் பேசக் கூடாது என்பது அவருக்கு லண்டன் மிஷன் சங்கம் கொடுத்திருந்த கட்டளை. ஆனால் விடுதலைப் பயணத்தின் கதையைக் கேட்ட அடிமைகளுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. ஆலயத்துக்கு வர அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அரசு கெடுபிடி செய்த அதே 1823இல், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களிடையே முன்னின்றவர்களில் ஒருவர் குவாமினா. ஸ்மித்தின் சபையில் உதவிக்காரராக இருந்தவர். கிளர்ச்சி ரத்தத்தில் நசுக்கப்பட்டது. மரண தண்டனை விதிக்கப்பட்ட ஸ்மித், மன்னிப்பு ஆணை வந்து சேருமுன் 1824இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய மரணம் இங்கிலாந்தில் அடிமை ஒழிப்பு இயக்கத்துக்குப் புது வேகம் தந்தது. 1833இல் அதற்கான சட்டம் நிறைவேறியது.

எஜமானர்கள் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தார்கள். மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் அச்சிடப்பட்ட விவிலியத்தில், யாத்திராகமத்தின் விடுதலைக் கதை ஏறக்குறைய முழுவதும் வெட்டப்பட்டிருந்தது. தமிழருக்கு அப்படி நேரவில்லை. தரங்கம்பாடி மிஷனரிகளின் உழைப்பால் 18ஆம் நூற்றாண்டிலேயே முழு விவிலியமும் தமிழில் அச்சேறியிருந்தது. எதுவும் வெட்டப்படாத அந்தப் புத்தகம்தான் நாஞ்சில் நாட்டின் ஓலைக் கூரை ஜெபக்கூடங்களில் வாசிக்கப்பட்டது.

பள்ளியும் பின்னலும்

1818இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட், அடுத்த ஆண்டு வந்த சார்லஸ் மால்ட் ஆகியோரின் பெயர்கள் இந்த வரலாற்றில் பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன. அதற்கு இணையாக எழுதப்பட வேண்டியவை ஜோஹன்னா மீட், மார்த்தா மால்ட் என்ற இரு பெண்களின் பெயர்கள். தஞ்சாவூர் மிஷனரி ஒருவரின் மகளான ஜோஹன்னா, 1819இல் நாகர்கோவிலில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். கீழ்ச்சாதி ஆண்பிள்ளைக்கே எழுத்து மறுக்கப்பட்டிருந்த நாட்டில் அது கற்பனைக்கு எட்டாத செயல். ஆண்களுக்கென்று அதே காலத்தில் தொடங்கிய செமினரிதான் பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அதில் கிடைத்த வருமானம் பள்ளிகளை நடத்தியது. பின்னியவர்களுக்குக் கூலியும் தந்தது. அடிமைகளாக இருந்த சில பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விலையைத் தாங்களே கொடுத்து மீண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன. மீட்பு என்ற இறையியல் சொல்லின் வேர்ப்பொருள், விலை கொடுத்து விடுவிப்பது. அந்தப் பெண்கள் அதைத் தங்கள் விரல்களால் வாழ்ந்து காட்டினார்கள். பிரசங்கத்தில் கேட்ட சொல் அவர்களின் கைக்கூலியாக, கையிருப்பாக, விடுதலைச் சீட்டாக மாறியது.

தோள்சீலை

மேலாடைக்கான போராட்டத்தில்தான் விசுவாசம் மிஷனரிகளின் பிடியிலிருந்து நழுவி மக்களின் கைக்குப் போனது. கிறிஸ்தவப் பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம் என்று மன்றோ 1814இல் ஆணையிட்டிருந்தார். மிஷனரிகளின் மனைவிமார் அதற்கேற்றபடி ஒரு தளர்ந்த மேற்சட்டையை வடிவமைத்துக் கொடுத்தார்கள். மிஷனரிகளுக்கு அதுவே போதும். பெண்களுக்கு அது போதவில்லை. அவர்கள் சட்டைக்கு மேல் ஒரு துணியை, மேல்சாதிப் பெண்கள் அணிவது போலவே தோளில் போட்டுக்கொண்டார்கள். உடலை மறைப்பது மட்டும் அவர்களின் நோக்கமாக இருந்திருந்தால் குப்பாயமே மறைத்திருக்கும். தோளில் ஏறிய அந்தத் துணி, நான் உனக்குச் சமம் என்ற அறிவிப்பு.

1822இல் கல்குளம் பகுதியில் கலவரம் வெடித்தது. சந்தையிலும் சாலையிலும் பெண்களின் மேலாடை கிழித்தெறியப்பட்டது. 1827 முதல் 1829 வரை இரண்டாம் கட்டம். ஜெபக்கூடங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரி 3 அன்று வெளியான அரச பிரகடனம் தாக்கியவர்களின் பக்கம் சாய்ந்தது. குப்பாயத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், தோள்சீலைக்கு உரிமை கிடையாது என்று அது அறிவித்தது. பெண்கள் அந்த ஆணைக்கு அடங்கவில்லை. கிறிஸ்தவர்களைப் பார்த்து இந்து நாடார் பெண்களும் தோள்சீலை அணியத் தொடங்கினார்கள்.

1858இன் இறுதியில் மூன்றாம் கட்டம் தொடங்கியது. திவான் மாதவ ராவ் பழைய பிரகடனத்தையே மீண்டும் நினைவூட்டினார். ரெசிடெண்ட் ஜெனரல் கல்லன் திருவிதாங்கூர் அரசுக்கு இசைவாகவே நடந்துகொண்டார். மிஷனரிகளின் முறையீடுகள் சென்னைக்குப் போயின. ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் கடுமையாகத் தலையிட்ட பிறகே, 1859 ஜூலை 26 அன்று புதிய பிரகடனம் வந்தது. கிறிஸ்தவராயினும் இந்துவாயினும் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது. உரிமை தந்த அதே ஆணை சமத்துவத்தை மறுத்தது. அந்த அனுமதி மற்றக் கீழ்ச்சாதிப் பெண்களுக்கு விரிய 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முப்பத்தேழு ஆண்டுகள் நீண்ட இந்தப் போராட்டத்தில் ஆணைகளையும் மனுக்களையும் எழுதியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. சந்தைக்குத் துணியோடு போய், கிழிபட்டுத் திரும்பி, அடுத்த வாரம் மீண்டும் துணியோடு போன பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. அவர்கள் இறையியல் நூல் எதுவும் எழுதவில்லை. தங்கள் உடல் கடவுள் தந்தது, அதை அவமதிக்க எந்தச் சாதிக்கும் உரிமையில்லை என்ற விசுவாச அறிக்கையைத் தோளில் சுமந்தார்கள்.

அடிமைகளுக்காக ஒரு மனு

பிரிட்டிஷ் இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமை உரிமைக்கு நீதிமன்ற ஏற்பை நீக்கியது. சுதேச சமஸ்தானமான திருவிதாங்கூரை அது கட்டுப்படுத்தவில்லை. 1847இல் லண்டன் மிஷனையும் சர்ச் மிஷனையும் சேர்ந்த மிஷனரிகள் ஒன்றுகூடி, அடிமைகளை விடுவிக்க வேண்டி மகாராஜாவுக்கு மனு எழுதினார்கள். உடனே பலன் இல்லை. சென்னை அரசின் அழுத்தமும் சேர்ந்து, 1853இல் அரசு அடிமைகளின் வருங்காலக் குழந்தைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. 1855 ஜூன் 24 அன்று அடிமைமுறைக்கே சட்டப்படி முடிவு கட்டப்பட்டது. விடுதலை பெற்றவர்களுக்குச் சாலையில் நடக்கும் உரிமைகூட அன்று கிடைக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அந்த உரிமைக்கு 1893இல் புலையர் தலைவர் அய்யன்காளி தடையை மீறிப் பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. புலையப் பெண்கள் அடிமை அடையாளமாகத் தங்கள் கழுத்தில் கிடந்த கல்மாலையை அறுத்தெறிய 1915 வரை ஆயிற்று.

அய்யன்காளியின் பெயர் இன்னோர் உண்மையையும் நினைவூட்டுகிறது. அநீதியை எதிர்க்கும் ஆற்றல் கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரிய சொத்தாக இருந்ததில்லை. தோள்சீலைப் போராட்டத்தின் நடுக்காலத்தில், சாமித்தோப்பில் நாடார் குலத்தில் பிறந்த சமயத் தலைவர் அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார், எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்தார், அதற்காகச் சிறைப்பட்டார். மிஷனரிகளுக்கு அவருடைய இயக்கம் போட்டியாகத் தோன்றியது. இன்று பார்க்கையில் இரு தரப்பாரும் ஒரே சுவரை இரு பக்கமிருந்து இடித்தவர்கள்.

சுவர் சபைக்குள்ளும் இருந்தது

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். அண்டைய திருநெல்வேலியின் தேரிக்காட்டில் மொழிக்கும் மக்களுக்கும் வாழ்நாளைத் தந்த மிஷனரி ராபர்ட் கால்டுவெல், 1849இல் வெளியிட்ட நூலில் தாம் யாரிடையே வாழ்ந்தாரோ அந்த நாடார் மக்களையே தாழ்வாகச் சித்திரித்தார். பின்னாளில் அந்தச் சமூகத்தின் கடும் எதிர்ப்பை அந்த நூல் சந்தித்தது. மேல்சாதியாரிடம் சமத்துவம் கேட்டவர்கள் தங்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களோடு ஒரே பாயில் அமரத் தயங்கினார்கள். வேதமாணிக்கம் என்ற சாம்பவரின் அழைப்பால் பிறந்த சபைகளிலேயே சாம்பவர்களுக்குத் தனி இடமும் தனிக் கூடமும் ஒதுக்கப்பட்ட ஊர்கள் உண்டு.

மிஷனின் மனமும் சோதிக்கப்பட்டது. முப்பதாண்டுகளுக்கும் மேல் உழைத்த சார்லஸ் மீட், மனைவி ஜோஹன்னா இறந்த சில ஆண்டுகளுக்குப் பின், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த லோயிஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். கடவுள் முன் எல்லாரும் ஒன்று என்று பிரசங்கித்தவர்களால் அந்தத் திருமணத்தை ஏற்க முடியவில்லை. எதிர்ப்பின் நடுவே 1852இல் மீட் மிஷனைவிட்டு விலகினார். பின்னர் திருவிதாங்கூர் அரசின் கல்விப் பணியில் சேர்ந்து, 1873இல் திருவனந்தபுரத்தில் காலமானார். தாம் சொன்னதைத் தம் வீட்டுக்குள் கொண்டுவந்த மனிதர், அதைச் சொல்லிக்கொடுத்த சங்கத்துக்கு வேண்டாதவரானார்.

எதனால் ஆற்றல், எங்கே தளர்ச்சி

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. விசுவாசம் தானாகவே அநீதியை எதிர்ப்பதில்லை. அதே விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டே தோட்ட முதலாளிகள் அடிமைகளை அடித்தார்கள். அதே பாட்டுகளைப் பாடிக்கொண்டே சபையார் சாதிக்கொரு மூலையில் அமர்ந்தார்கள். நசுக்கப்பட்டவர் அந்தச் செய்தியைத் தம் சொந்தக் கையில் எடுத்து, தம் கிழமையின் மேலும் உழைப்பின் மேலும் உடலின் மேலும் உரிமை கோரியபோதுதான் அது நீதியின் ஆற்றலாயிற்று. மிஷனரிகள் கதவைத் திறந்தார்கள். அவர்கள் வரைந்த கோட்டையும் தாண்டி நடந்தவர்கள் தோள்சீலை அணிந்த பெண்கள். அந்த விசுவாசம் சபைக்குள் யார் பக்கத்தில் அமர்வது, யாரை மணப்பது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தபோது தளர்ந்து நின்றது.

அந்தத் தளர்ச்சி இன்னும் நீங்கவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. அதை எதிர்த்துத் திருச்சபைகள் நியாயமாகவே போராடுகின்றன. ஆனால் அரசிடம் அந்த நீதியைக் கேட்கும் தமிழ்நாட்டுத் திருச்சபையின் சில கல்லறைத் தோட்டங்களில், இறந்தவர்களுக்கு நடுவேகூடச் சாதி ஒரு கோடு போட்டிருக்கிறது. அரசின் வாசலில் கேட்கும் நீதியைக் கல்லறையின் வாசலிலும் கேட்க வேண்டும்.

ஊழியம் என்ற சொல்லை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுத் தந்தவர்கள் பனையேறிகளும் அடிமைகளும் பெயர் தெரியாத பெண்களும். இன்று அந்தச் சொல்லைப் பெருமையோடு உச்சரிக்கும் ஒவ்வொரு சபையும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆலயத்துக்குப் புதிய கோபுரம் எழுப்புமுன், உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பிரிவுச் சுவர் இருந்தால், அதை இடிப்பதுதான் உங்கள் முதல் ஊழியம்.